வாய் வரையாத முகங்கள்

"டீச்சர், உங்க பீரியடைக் கொஞ்சம் தர்றீங்களா? போர்ஷன் முடியல."

"எடுத்துக்கோங்க சார். டிராயிங்தானே."

அவர்கள் முதன்முதலாகப் பேசிக்கொண்டது அதுதான்.

டிராயிங்தானே என்று சொன்னவள் அவளேதான்.

மறுவருடம் கல்யாணம். கணக்கு சாரும் டிராயிங் மிஸ்ஸும். இப்போது அவர் கேட்பதில்லை. சாக்பீஸ் டப்பாவோடு நேரே உள்ளே வந்துவிடுகிறார்.

பீரியடை எடுக்காதீங்க என்று வீட்டில் சொல்லிவிடலாமெனப் பலமுறை நினைத்திருக்கிறாள். அவர் பக்கத்தில் நின்று பூண்டு உரித்துக் கொடுப்பார். வாய்வரை வந்தது, ரசத்தில் உப்பு பாருங்களேன் என்று மாறிவிடும்.

இன்று எட்டாம் வகுப்பு.

போன மாதம் தொடங்கிய படங்களை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மலையும் சூரியனும் போர்டில் வரைந்து, பார்த்து வரையச் சொல்வதை அவள் விட்டுவிட்டாள். பெஞ்சில் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து வரைய வேண்டும். தாளைக் குனிந்து பார்க்கக் கூடாது. போர்டில் அதை மட்டும்தான் எழுதியிருந்தாள்.

கோணல் மூக்குகள். நெற்றிக்கு ஏறிய காதுகள். போன மாதம் மூக்கை வரைந்து முடித்ததுமே பீரியட் பறிபோயிருந்ததால் எந்த முகத்திலும் வாய் இல்லை.

"மிஸ், இவனுக்கு இன்னும் வாயே வைக்கல."

"வைக்காதடி அஃப்ரின், இப்பதான் நிம்மதியா இருக்கு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

வகுப்பு சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தாள்.

பிறகு, பென்சில்கள் தாளில் உரசும் சத்தம் மட்டும்.

அஃப்ரின் பக்கத்துப் பையனின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை தானாக நகர்ந்தது. இத்தனை வருடங்களில் அவள் வரைந்ததெல்லாம் போர்டில் இருந்த பூந்தொட்டிதான்.

கதவருகே செருப்புச் சத்தம்.

"போச்சுடா" என்றது கடைசி பெஞ்சு.

அவர் உள்ளே வந்தார். அவளைப் பார்த்து, வீட்டில் சிரிப்பதைப் போலவே சிரித்தார். டஸ்டரை எடுத்து, போர்டில் இருந்ததைப் படிக்காமலே துடைத்தார்.

யாரும் சொல்லாமலே பிள்ளைகள் தாள்களை மடித்தார்கள். கணக்கு நோட்டுகள் வெளியே வந்தன. அந்தப் பழக்கத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அஃப்ரின் மட்டும் மடிக்கவில்லை. பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி மிஸ்ஸைப் பார்த்தாள்.

வழக்கமாக இந்நேரம் அவள் ஸ்டாஃப் ரூமுக்குப் பாதி தூரம் போயிருப்பாள்.

"என்னங்க."

வகுப்பு அடக்கமாட்டாமல் சிரித்தது. பள்ளிக்கூடத்தில் அவள் அவரை சார் என்றுதான் கூப்பிடுவாள்.

அவர் திரும்பினார். காது சிவந்திருந்தது.

சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

"இந்த பீரியட் எனக்கு வேணும். இன்னைக்கு மட்டும் இல்ல."