உப்புக்கல் கரைந்த அன்று

ஓர் உப்புக்கல்லுக்குள் சோடியமும் குளோரைடும் தோளோடு தோள் நெருக்கி வாழ்ந்து வந்தார்கள். யாரோ அந்தக் கல்லைத் தண்ணீர்க் குவளைக்கு மேலே பிடித்தபோது சோடியம் குளோரைடை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"நம்ம கூட்டத்தைப் பிரிக்க மோலுக்கு எழுநூற்று எண்பத்தெட்டு கிலோஜூல் சக்தி வேணும். யார்கிட்ட இருக்கு அவ்வளவு? பயப்படாதே" என்றான்.

"நடுங்குறது நீதான்" என்றாள் குளோரைடு.

கல் விழுந்தது. தண்ணீர் மூலக்கூறுகள் கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி ஓடிவந்து இருவரையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. சோடியம் அலறினான். அதற்குள் ஆறு பேர் அவனைக் கட்டிப்பிடித்துவிட்டார்கள். குளோரைடையும் இன்னொரு கூட்டம் அணைத்துக்கொண்டது. இரண்டு அணைப்பிலும் சேர்த்து மோலுக்கு எழுநூற்று எண்பத்து நான்கு கிலோஜூல் திரும்பி வந்தது. குறைந்த நாலைத் தண்ணீர் தன் சூட்டிலிருந்தே கொடுத்தது.

குவளையில் நின்ற வெப்பமானி கொட்டாவி விட்டது. "அரை டிகிரி இறங்கியிருக்கு. இதுக்கா இவ்வளவு கூப்பாடு? பக்கத்துக் குவளையில கால்சியம் குளோரைடு விழுந்தப்போ என்ன சூடு தெரியுமா!"

"யோவ், இங்க என் குடும்பமே சிதறிப் போச்சு!"

"எனக்கு வரவு செலவு போக மிச்சம்தான் தெரியும்" என்றது வெப்பமானி.

சோடியம் திட்ட வாயெடுத்தான். அப்போது தூரத்திலிருந்து குளோரைடின் குரல் கேட்டது. "அங்க எப்படியிருக்கு?"

"ஆறு பேர் கட்டிப்பிடிச்சிருக்காங்க. மூச்சு முட்டுது."

"இங்கயும்தான். ஆனா நல்லாத்தான் இருக்கு, இல்ல?"

சோடியம் வாழ்க்கையில் முதல்முறையாகக் கைகாலை நீட்டி நீந்திப் பார்த்தான். பிறகு இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். வெப்பமானியில் ஒரு கோடுகூட ஏறவில்லை.