முதல் துண்டு

ராயப்பன் சம்மட்டியால் பன்றியின் நெற்றியில் ஒரு போடு போட்டால் இரண்டாவது அடிக்கு வேலையே இருக்காது. அடித்தவன்தான் கொழுப்பின் முதல் துண்டை வறுத்துத் தின்ன வேண்டும் என்பது அந்தக் கறிக்கொட்டகையின் வழக்கம். நூற்றிருபது கிலோ உடம்போடு அன்றும் வாயைத் திறந்தான். அவன் மனைவி லூர்து, பன்றியின் இதயத்தை இரண்டாகப் பிளந்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“டாக்டர் படத்துல காட்டுன அதே நாலு அறைதான்யா. இதுக்கு மேலாக்க மஞ்சளா அப்பியிருக்கு. ஒனக்கு ரத்தக்குழாய்க்குள்ளயே அடைச்சிருக்காம்.”

“கொன்னவன் திங்கலன்னா பன்னி பழி வாங்கும்டி!”

சிரித்துக்கொண்டே துண்டை விழுங்கிவிட்டு, அடுத்த பன்றிக்கு முன்னால் போய்ச் சம்மட்டியை ஓங்கினான். இடது தோளிலிருந்து தாடைவரை கோணூசியைச் செருகியதுபோல் இருந்தது.

சம்மட்டி விழுந்த சத்தம் கேட்டு லூர்து திரும்பினாள். பன்றி நின்றுகொண்டிருந்தது.