ஒரே நம்பர், நாலு முகவரி

“ஒரே நம்பருக்கு நாலு முகவரியில மெயிலா? நல்லாப் பார்த்தீங்களா?” என்றார் கண்ணாடிக் கடை முதலாளி.

“பார்த்துட்டுதான் சார் சொல்றேன்” என்றார் போனில் கம்ப்யூட்டர்காரர். “நேத்து மட்டும் மூணு திரும்பி வந்திருக்கு. இப்படியே திரும்பி வந்துட்டிருந்தா, போன் கம்பெனிக்காரங்க உங்க மெயிலையே மொத்தமா நிறுத்திடுவாங்க. அப்புறம் ஒரு கஸ்டமருக்கும் தகவல் போகாது.”

முதலாளிக்குச் சுருக்கென்றது.

மூக்குக்கண்ணாடி தயாரானதும் கடை மெயிலிலிருந்தே வாடிக்கையாளரின் செல்போனுக்குச் செய்தி போய்விடும். நம்பரோடு அவரவர் போன் கம்பெனியின் மெயில் முகவரியைச் சேர்த்து அனுப்பினால் போதும். அந்தப் பக்கம் சாதாரண மெசேஜாகப் போய் விழும். அவர்கள் பதில் போட்டால் கடை மெயிலுக்கே வரும். கம்பெனி தவறாக இருந்தால் போன வேகத்தில் திரும்பிவிடும்.

அவரே மண்டையை உடைத்துக்கொண்டு செய்த ஏற்பாடு அது. சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் நம்பரையெல்லாம் போட்டு, தன் பெயரில் ஒரு வரி அனுப்பி முதலில் சோதித்துப் பார்த்தார். ஒழுங்காக ஓடத் தொடங்கியதும், பில் போடும் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு வேறு வேலையில் மூழ்கிவிட்டார்.

இப்போது கடை மெயிலைத் திறந்து, அந்த நம்பருக்குப் போனவற்றை மட்டும் எடுத்தார்.

‘சாப்பிட்டாச்சா?’

‘ராத்திரி தூக்கம் வந்துதா?’

‘மழை வரும்போல இருக்கு. வெளியே போக வேண்டாம்.’

அண்ணா இல்லை, ஐயா இல்லை, எல்லாம் மொட்டை மொட்டையாக. நேற்று நாலு கம்பெனி முகவரிகளுக்கும் போனது ஒன்றேதான்: ‘ஏன் பதிலே இல்லை? மனசு ஒரு நிலையில் இல்லை.’

வந்த பதில்களைப் படிக்க அவருக்கு விருப்பமில்லை. படித்த வரைக்கும் போதும் என்று தோன்றியது.

“இங்க வாம்மா.”

கண்ணாடி துடைக்கும் துணியோடு வந்து நின்றாள் பில் போடும் பெண். கடையில் ஒரு கணவனும் மனைவியும் பிரேம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இதைப் போட்டா அப்படியே உங்க அண்ணன் மாதிரி இருக்கீங்க” என்றாள் மனைவி.

“அப்போ வேண்டாம், கழட்டிடறேன்.”

முதலாளி திரையைக் காட்டினார். “யாரு இது?”

அவள் முகம் மாறியது. “நம்ம கஸ்டமர்தான் சார்.”

“கஸ்டமரைப் போய்த் தூக்கம் வந்துதான்னு கேப்பியா? நாம விக்கிறது கண்ணாடியா, தலையணையா?”

கணவனும் மனைவியும் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் அவர்களை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“நீங்கதானே சார் சொன்னீங்க, வர்ற பதிலுக்கெல்லாம் நீயே ஏதாவது போட்டு விடு, என்கிட்ட தூக்கிட்டு வராதேன்னு. இந்த நம்பரைப் பத்தி ரெண்டு தடவை சொல்ல வந்தேன். நேரமில்லைன்னுட்டீங்க.”

“கதை வேண்டாம். நாலு முகவரி எதுக்கு?”

“திடீர்னு எல்லாம் திரும்பி வர ஆரம்பிச்சுது சார். கம்பெனி மாத்திட்டாங்கபோல. எதுக்கு மாறினாங்கன்னு தெரியல. எனக்குத் தெரிஞ்ச எல்லாக் கம்பெனியிலயும் போட்டுப் பார்த்தேன். நாலாவதுதான் போச்சு.” அவளையும் மீறி ஒரு சிரிப்பு வந்தது. “காலையில பதிலும் வந்துடுச்சு சார். நல்லாத்தான் இருக்காங்க.”

அந்தச் சிரிப்புதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

“அவ்வளவு துடிப்பா? கடை மெயில்ல குடும்பம் நடத்திட்டு, சிரிப்பு வேறயா? யாருன்னு சொல்லு. இல்லேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே.”

அவள் கண் கலங்கியது. மறுபடியும் அந்தக் கணவன் மனைவி பக்கம் பார்வை போய்த் திரும்பியது.

“இந்த வேலை போச்சுன்னா எனக்கு வேற வழி இல்லை சார். ஆனா நாலு பேர் முன்னால சொல்ல மாட்டேன். நீங்களே ஒரு போன் போட்டுப் பாருங்க.”

“போடறேன். ஸ்பீக்கர்லயே போடறேன். எல்லாரும் கேக்கட்டும்.”

“ஸ்பீக்கர் வேண்டாம் சார்.”

“ஏன், பயமா இருக்கா?”

திரையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகத் தட்டினார். கோபத்துக்கு அடியில் ஒரு சந்தோஷமும் இருப்பது அவருக்கே தெரிந்தது. ஒருவரைக் கையும் களவுமாகப் பிடிக்கும்போது வரும் சந்தோஷம். இது என்ன புத்தி என்று ஒரு கணம் யோசித்தார். யோசனையைத் தள்ளிவிட்டு ஸ்பீக்கரையும் போட்டு அழைத்தார்.

அப்போதுதான், தட்டிய எண்களுக்கு மேலே, அவர் என்றோ சேமித்து வைத்திருந்த பெயர் வந்து நின்றது.

அப்பா.

மணி அடித்துக்கொண்டிருந்தது.

அவள் எட்டி ஸ்பீக்கரை அணைத்தாள். போனை அவர் காதோடு சேர்த்துப் பிடிக்க வைத்தாள். பிறகு அந்தக் கணவன் மனைவியிடம் போய், “அந்த ஓரத்துல புது மாடல் வந்திருக்கு, வாங்க காட்டறேன்” என்று அவர்களைத் தள்ளி அழைத்துப்போனாள்.

மறுமுனையில் இருமல் கேட்டது. அப்புறம் பதறிய குரல்:

“என்னப்பா, காலையிலகூட மெசேஜ் போட்டியே... நீ இப்படிப் போனெல்லாம் பண்ண மாட்டியே, உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”