மாற்றிய பாட்டு

தூக்கு. இப்போது கையைத் தூக்கு.

திரையில் பச்சைப் புடவைக்காரி கையைத் தூக்கினாள். அதே நொடியில் பாட்டில் தவிலடி விழுந்தது.

வீடியோவை எடிட் செய்துகொண்டிருந்தவள் நாற்காலியில் நிமிர்ந்தாள்.

தற்செயலாக இருக்கும்.

பின்னால் ஓட்டி மறுபடி விட்டாள். கை, அடி. இடுப்பு, அடி. பச்சைப் புடவை ஒரு சுற்றுச் சுற்றி நிற்கிறது. பாட்டும் அங்கேயே வந்து நிற்கிறது.



ரிசப்ஷன் ஆட்டங்களுக்கு எப்போதும் பாட்டை மாற்றியாக வேண்டும். மண்டபத்தில் டிஜே போட்ட சினிமாப் பாட்டோடு ஏற்றினால் யூடியூபில் நிற்காது. ஸ்டுடியோ உரிமை வாங்கி வைத்திருக்கும் பாட்டுகளில் ஒன்றைத்தான் போட வேண்டும். பாட்டு மாறியதும் எல்லோருடைய கால்களும் பொய்யாகிவிடும். டான்ஸ் மாஸ்டர் வைத்துப் பழகிய கால்கள்கூட. வெட்டி, ஒட்டி, கொஞ்சம் வேகம் கூட்டி, அவர்களைப் புதிய தாளத்துக்குள் இழுத்து வருவதுதான் அவள் வேலை.

இதிலும் அப்படித்தான். மணப்பெண், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் நண்பர்கள். எல்லோரும் தாளத்துக்கு வெளியே.

மூன்றாவது வரிசைக்குப் பின்னால் ஆடுகிற இந்த ஒருத்தி மட்டும் உள்ளே.

மண்டபத்தின் அசல் சத்தத்தைத் திறந்து கேட்டாள். அங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது. எல்லோரும் சரியாக ஆட, பச்சைப் புடவை மட்டும் தன்போக்கில் போய்க்கொண்டிருந்தது.

"அக்கோவ், பாட்டு அந்தப் பக்கம் போவுது!" என்று ஒருவன் கத்தினான். சிரிப்பு.

பச்சைப் புடவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இவள் மறுபடி ஸ்டுடியோப் பாட்டைப் போட்டாள். அந்த ஆட்டத்தை எடுத்து நடுவில் வைத்தாள். மற்றவர்களை அதைச் சுற்றி அடுக்கினாள். மணப்பெண்ணின் சிரிப்பு ஓரிடத்தில் விழுந்தது. மாப்பிள்ளையின் தடுமாற்றம்கூட அழகான இடத்தில் விழுந்தது. காய்ந்த சருகில் தீ ஏறுவதுபோல வீடியோ பிடித்துக்கொண்டது.

எந்தக் கல்யாணத்திலும் இவள் ஆடியதில்லை. ஆடுகிறவர்களின் தோள்களைப் பார்த்தபடி இருப்பாள், எங்கே வெட்டலாம் என்று.

இந்தத் தோளில் வெட்ட இடமே கிடைக்கவில்லை. எழுந்து அறைக்குள் ஒரு நடை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கதவு தட்டப்பட்டது.

பச்சைப் புடவை இல்லை, சுடிதார். திரையில் இருந்ததைவிடக் குள்ளம். ஆனால் அவளேதான்.

"நான் சுகந்திங்க. கல்யாணப் பொண்ணோட அக்கா." கதவைப் பிடித்தபடியே சொல்லிக்கொண்டு போனாள். "நான் ஆடுனத எடுத்துருங்க. சம்பந்தி ஊட்டுல பேசிக்கறாங்களாமா. புருசன உட்டுப்போட்டு வந்து உக்காந்திருக்கறவளுக்கு ஆட்டம் ஒண்ணுதான் கேடான்னு. எங்கம்மா நேர்லயே போயிச் சொல்லிட்டு வரச் சொல்லுச்சுங்க. போன்ல சொன்னா நீங்க மறந்துருவீங்களாமா."

பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவள்போல ஒரே மூச்சில் முடித்தாள்.

இவள் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். ஹெட்போனை நீட்டினாள். வீடியோவை ஓடவிட்டாள்.

திரையைப் பார்க்காமல் சுகந்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் கை வாயைப் பொத்திக்கொண்டது.

பிறகு கை இறங்கியது.

"அட, இது நானுங்களா?"

ஹெட்போன் போட்டிருந்ததால் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று சுகந்திக்குத் தெரியவில்லை. முன்னறையில் ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இந்தப் பாட்டு அன்னைக்குப் போடவே இல்லீங்களே! அப்பறம் எப்படிங்க?"

"தெரியலீங்க. நீங்கதான் சொல்லோணும்."

அது சுகந்தியின் காதில் விழவில்லை. அவளாகவே கை நீட்டி, எந்தப் பொத்தான் என்று கண்ணால் கேட்டு, இன்னொரு முறை ஓடவிட்டாள். பின்னும் ஒரு முறை. சிரித்தாள். அந்தச் சிரிப்பும் முன்னறை வரைக்கும் போனது.

ஹெட்போனைக் கழற்றியதும் குரல் தணிந்துவிட்டது.

"இத மட்டும் என்ற போனுக்கு அனுப்பிருங்க. கல்யாண வீடியோவுல வேண்டாமுங்க. நான் கதவச் சாத்திட்டுப் பாத்துக்கறேன்."

போனை நீட்டினாள்.

அனுப்புவது ஒரு நிமிட வேலை.

சாத்திய கதவுக்குள் இந்தச் சிரிப்பு எவ்வளவு சின்னதாகிவிடும் என்று இவள் நினைத்தாள். அப்படி நினைக்கத் தனக்கு என்ன உரிமை என்றும் நினைத்தாள். இரண்டாவது நினைப்பு வந்தபிறகும் கை போனை வாங்கப் போகவில்லை.

"தனியா அனுப்ப மாட்டனுங்க."

"அப்ப வெட்டிருவீங்களா?"

அதற்கும் இல்லை என்று தலையசைத்தாள்.

"எங்கம்மாகிட்ட நான் என்னன்னு சொல்றதுங்க?"

கேட்டு முடிப்பதற்குள் போன் அடித்தது. அம்மாதான்.

சுகந்தி எடுத்தாள். கண் திரையில் இருந்தது.

"சொல்லிப் பாத்துட்டேம்மா. முடியவே முடியாதுங்கறாங்க. நான் என்ன பண்றது?"

புகார்க் குரலில்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, வந்த சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"போன அந்தப் புள்ளைகிட்டக் குடு!" அம்மாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

சுகந்தி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, தோள் குலுங்க, போனை இவள் பக்கம் நீட்டினாள்.

இவள் வாங்கவில்லை.