இரவல் கோடாலி

விறகு ஈரமாக இருந்தது. அவள் சீவிக்கொண்டே இருந்தாள்.

சீவல்கள் சுருள் சுருளாகக் காலடியில் சேர்ந்தன. தீ மூட்ட அதில் பாதி போதும். கை நிற்கவில்லை.

கூட வருவதாகச் சொன்ன தோழிகள் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டார்கள். ஒரு வீம்பில் தனியாகவே காரை எடுத்துக்கொண்டு மலையேறிவிட்டாள். தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் கூடாரம். விரித்த துணியில் ஒரு மடக்குக் கத்தி, தோலுறை போட்ட ஒரு கைக்கோடாலி. கையில், தடித்த முதுகுள்ள காட்டுக் கத்தி. எல்லாம் இந்தப் பயணத்துக்கென்று வாங்கியவை.

கோடாலியை இன்னும் உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

ராத்திரி சரியாகத் தூக்கமில்லை. இப்போது நல்ல வெயில். ஆனாலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து கூடாரத்தின் கயிற்றை அவிழ்த்தாள். இழுத்துக் கட்டினாள். மறுபடி அவிழ்த்தாள்.

நிமிர்ந்தபோது எதிரே ஒரு பெண் நின்றிருந்தாள்.

கீழே, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இருப்பவள். இசக்கியம்மாள். நேற்று வந்து இறங்கியதும் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து தந்தவள்.

நேற்று அந்தக் கன்னம் வீங்கியிருக்கவில்லை.

"அந்தக் கோடாலியக் கொஞ்சம் தாங்க."

எதற்கு என்று கேட்டாள்.

"ஒரு வேலை இருக்கு."

அவ்வளவுதான். குரலில் கெஞ்சல் இல்லை. பார்வை கோடாலியை விட்டு நகரவும் இல்லை.

கொடுத்துவிட்டாள்.

ஏன் கொடுத்தோம் என்று நினைப்பதற்குள் இசக்கியம்மாள் சரிவில் பாதி இறங்கியிருந்தாள். உறை மட்டும் புல்லில் கிடந்தது.

அதைப் பார்த்தபடியே அவள் காட்டுக் கத்தியை மறுபடி கையில் எடுத்தாள்.

வீங்கிய கன்னம். வீட்டில் ஒருத்தன் இருப்பான். குடித்துவிட்டுக் குப்புறப் படுத்துக் கிடப்பான். லைனில் இந்நேரம் வேறு ஆளிருக்காது. எல்லோரும் கொழுந்து பறிக்கப் போயிருப்பார்கள்.

கீழேயிருந்து சத்தம் வந்தது.

ஒன்று. கொஞ்சம் இடைவெளி. பிறகு விடாமல்.

அவள் ஓடினாள். தேயிலைச் செடிகள் முழங்காலைக் கீறின. சரிவில் ஒருமுறை விழுந்து எழுந்தாள். காட்டுக் கத்தி இன்னும் கையில் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

லைன் வீடுகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. கடைசி வீட்டுக்கு முன்னால் இசக்கியம்மாள்.

கதவை வெட்டிக்கொண்டிருந்தாள்.

வெளியே பெரிய பூட்டு. அது அசையவில்லை. பூட்டை விட்டுவிட்டு நாதாங்கியைச் சுற்றிப் பலகையில் போட்டுக்கொண்டிருந்தாள். சிம்பு சிம்பாகத் தெறித்தது. உள்ளேயிருந்து யாரோ இரண்டு கையாலும் கதவைத் தள்ளுவது தெரிந்தது.

அவள் கதவருகே போனாள். விரிசலில் கத்தியை நுழைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு நெம்பினாள். இசக்கியம்மாள் இன்னும் ஒரு வெட்டு வெட்டினாள்.

நாதாங்கி பெயர்ந்து விழுந்தது.

ஒரு பெண்பிள்ளை வெளியே வந்தாள். பள்ளிச் சீருடை. செருப்பைக் காலில் போடாமல் கையில் பிடித்திருந்தாள். முதுகில் புத்தகப் பை.

"எம் பொண்ணு, சுபா. நாளைக்கு இவளுக்குக் கல்யாணமாம்." இசக்கியம்மாளுக்கு மூச்சு வாங்கியது. "பதினஞ்சு வயசு இன்னும் முடியல. இவ அப்பா பூட்டிப்போட்டுட்டு டவுனுக்குச் சேலை எடுக்கப் போயிருக்கு. கீழ ஹாஸ்டல்ல வார்டனம்மாகிட்ட விட்டுருங்க. அவங்களுக்கு எல்லாம் தெரியும்."

"நீங்களும் வாங்க."

"சின்னதுக ரெண்டும் பள்ளிக்கூடம் விட்டு இங்கதான வரும்."

அவள் கோடாலிக்காகக் கை நீட்டினாள். இசக்கியம்மாள் தரவில்லை.

"இன்னிக்கு மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்."

கூடாரம், அடுப்பு, துணியில் கிடந்த கத்தி எல்லாம் போட்டது போட்டபடி கிடக்க, அவள் காரைக் கிளப்பினாள். சுபா பின்சீட்டில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. சன்னல் கண்ணாடியை ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள்.

வளைவுக்கு வளைவு அவள் ஹாரன் அடித்தாள். அடிக்கத் தேவையில்லாத இடத்திலும் அடித்தாள்.

நாலைந்து வளைவு இறங்கியிருப்பார்கள். எதிரே ஒரு பைக் ஏறி வந்தது. பின்னால் வாழைத்தார் கட்டியிருந்தது. முன்னால் துணிக்கடைப் பைகள்.

"அப்பா," என்றாள் சுபா. அடுத்த நொடி சீட்டில் இல்லை. காலடியில் சுருண்டுகொண்டாள்.

பாதை குறுகல். யாராவது ஒதுங்கியாக வேண்டும். அவள் காரைப் பாறையோரம் ஒட்டினாள். கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி அந்த ஆள் கடந்து போனான். வழி விட்டதற்காகக் கையை உயர்த்திச் சிரித்தான். நல்ல மனிதனைப் போலவே இருந்தது அந்தச் சிரிப்பு.

பைக் மேலே ஏறிப் போனது.

அவள் காரை நகர்த்தவில்லை.

மேலே, மரங்களின் இடைவெளியில், லைன் வீடுகளின் தகரக் கூரை தெரிந்தது. வாசலில் தனியாக நிற்பவள் தெரியவில்லை. திரும்பிப் போனால் என்ன செய்ய முடியும்? போகாவிட்டால்? ஸ்டியரிங்கில் விரல்கள் தாளம் போட்டன. ரிவர்ஸ் கியரில் கை போய் நின்றது.

"நிக்காதீங்கக்கா."

காலடியிலிருந்து வந்தது குரல்.

"என்ன சத்தம் கேட்டாலும் நிக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிச்சு."

பைக்கின் இரைச்சல் ஏறிக்கொண்டே போய், மேலே ஓரிடத்தில் நின்றது.

அவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். கார் கீழே இறங்கத் தொடங்கியது.