பார்னபிக்கு ஒரு மாத மாத்திரை

“பார்னபியால காலையில எழுந்திருக்கவே முடியலை, டெலியா. முட்டி ரெண்டும் மரக்கட்டையா ஆயிடுது. ஒரு மாசத்துக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடு, போதும்” என்றார் வென்டல்.

அந்தப் பார்னபியோ, ஜன்னலுக்கு வெளியே அணிலைக் கண்டதும் ஒரே தாவலில் பரிசோதனை மேஜைமேல் ஏறி, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. கால்நடை மருத்துவர் டெலியா முதலில் நாயைப் பார்த்தார். பிறகு, யார் கண்ணிலும் படாமல் பின்வாசல் வழியாக அதைக் கூட்டிவந்தவரைப் பார்த்தார்.

“வேற என்ன செய்யுது இவனுக்கு?”

வென்டல் ஒவ்வொன்றாக அடுக்கினார். பிறத்தியார் வலியைச் சொன்னால் மூன்றாவது நிமிடமே கைக்கடிகாரத்தைப் பார்க்கிற மனிதர் அவர். இன்று பத்து நிமிடமாகியும் கடிகாரத்தின் ஞாபகமே வரவில்லை.

“சரி, எடைக்குத் தகுந்த மாதிரிதான் மாத்திரை கொடுக்கணும். எடை எவ்வளவு?”

“நூத்தித் தொண்ணூறு பவுண்டு.”

“பார்னபியா? போன மாசம் எழுபதுதானே இருந்தான்?”

“அது… அசதியில படுத்தே கிடக்கிறானா, ஏறிடுச்சு. பேரெல்லாம் வேற மறந்து போகுது. சட்டைப் பொத்தான்கூடப் போட முடியலை.”

“பார்னபியாலயா?”

வென்டல் திருதிருவென்று விழித்தார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

“சரி, எனக்குத்தான்! ஜூன்ல உண்ணி கடிச்சு லைம் நோய் வந்துது. மூணு வாரம் மாத்திரை கொடுத்தாங்க, அதோட கடையைக் கட்டிட்டாங்க. இன்னும் கொடுன்னு கேட்டா, ‘அதுக்கு மேல பலன் இல்லை, விதிமுறை அப்படி’ங்கிறான் அந்தச் சின்ன டாக்டர். விதிமுறையை எனக்கே சொல்றான்! இந்தக் கனெக்டிகட்ல நாய்க்கு ஒரு மாசம், மனுஷனுக்கு மூணு வாரம். இது எந்த ஊர் நியாயம்?”

அத்தனை வீறாப்பும் சட்டென்று இறங்கியது. “நேத்து பேத்தி வந்தா. அவ பேரு வாயில வரலை. குழந்தை, விளையாட்டுன்னு நினைச்சுச் சிரிச்சுட்டா. எனக்கு உயிரே போயிடுச்சு, டெலியா.”

மனிதர் நிஜமாகவே பயந்து போயிருந்தார். பார்னபிகூட வாலை ஆட்டுவதை நிறுத்திவிட்டு அவர் கையை நக்கியது.

டெலியா நாய் பிஸ்கட் டப்பாவை எடுத்தார். மூடி லேசில் வரவில்லை. டப்பாவை நெஞ்சோடு அணைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருகித் திறந்தார். பார்னபிக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

“மாத்திரை சாப்பிட்டாச்சு, கிருமி போயாச்சு. இது வயசு. வலி பாதி, நினைப்பு பாதி. சின்னதா ஒரு தோட்டம் போடுங்க. நாலு பேரோட சிரிச்சுப் பேசுங்க. எல்லாம் சரியாயிடும்.”

வென்டலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நினைப்பா? என் முட்டி வலிக்கிறது நினைப்பா? தோட்டத்துக்குப் போய்த்தானேம்மா உண்ணி கடிச்சுது! தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தாத்தான் தெரியும். உனக்கு வந்திருந்தா இப்படிப் பேசுவியா?”

“எனக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு.”

டப்பாவோடு மல்லாடிய டெலியாவின் விரல்களை வென்டல் அப்போதுதான் கவனித்தார். கணுவுக்குக் கணு வீங்கியிருந்தன.

“அடப் பாவமே! இந்த வலியோடயா நடமாடுறே? அப்புறம் ஏன் இந்தத் தோட்டம், சிரிப்புன்னு உளர்றே? எந்த மடையன் உனக்கு இதைச் சொன்னான்?”

டெலியா சிரமப்பட்டு டப்பாவை மூடினார்.

“போன ஏப்ரல்ல, கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே நீங்க சொன்னதுதான், டாக்டர்.”