விரலை விடாதவன்

குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் சரிந்து, மண்ணுக்குள் புதைந்தவனை ஸ்கேன் எடுக்க உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். உடம்பெல்லாம் சேறாக வெளியே நின்ற தேசம்மா, அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவர் பேரச் சொல்லும்மா, எழுதணும்,” என்றாள் நர்ஸ் அஃப்ஸானா.

“தெரியாதும்மா.”

அஃப்ஸானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இந்தக் காலத்துலயும் புருசன் பேரச் சொல்ல மாட்டியா? சாமி பேரா? சாடையா சொல்லு, நானே கண்டுபுடிச்சிக்கறேன்.”

“அய்ய, பேரு கெடக்கட்டும்மா. உள்ள இன்னா சொல்றாங்கன்னு கேட்டுச் சொல்லேன். மூச்சு நிக்கலையே?”

“அழாத. ஆம்புலன்ஸ்ல வர்ற வரைக்கும் உன் விரலை விடவே இல்லையாமே! அவ்ளோ பாசக்காரர் உன்னை விட்டுட்டுப் போயிடுவாரா?”

கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தார். “ஒரே ஒரு விலா எலும்புதான் முறிஞ்சிருக்கு. பொழச்சிட்டாரு. உங்க வீட்டுக்காரரைப் போய்ப் பாருங்க.”

தேசம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“இது யாரு பெத்த புள்ளையோ சார்! வடக்கேர்ந்து வேலைக்கு வந்த புள்ள. நான் இறால் புடிக்கப் போய்க்கினு இருந்தேன். மண்ணு சரிஞ்சதும் ஓடிப்போய் எறங்கிட்டேன். சேத்துல இறால் தடவுற கையாச்சே, தடவித் தடவி மூஞ்சியக் கண்டுபுடிச்சேன். புடிச்ச விரலை அவன் விடலை, நானும் வண்டியில ஏறிட்டேன். கூட வேலை செய்யிறவங்க பின்னாடி வராங்க, பேரு அவங்களுக்குத் தெரியும்.”

பிறகு அஃப்ஸானா பக்கம் திரும்பினாள்.

“கண்ணு, ஒரு போன் போட்டுக் குடேன். என் வீட்டுக்காரரு காலைலேர்ந்து ஏரியில என்னைத் தேடிக்கினு கெடப்பாரு!”